தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் அனுமதி

கடல் ஓதம் ஏறினால் நவி மும்பையின் வாஷியில் தரை அதைவிடத் தாழ்வாகிவிடும். அதனால் நகரமைப்புக் கழகமான சிட்கோ இந்த நகரை அமைத்தபோதே தேக்கக் குளங்கள் வெட்டி மதகுக் கதவுகள் வைத்தது. ஓதம் ஏறும்போது கதவு மூடும். மழைநீர் குளத்தில் நிற்கும். ஓதம் வடியும்போது அந்த நீர் தானே கடற்கழிக்குப் போய்விடும். ஆண்டுகள் போகக் குளத்தில் வண்டல் படிந்தது, வண்டலில் அலையாத்தி முளைத்தது. அதன்பின் தூர்வார நினைத்த மாநகராட்சிக்கு, கடலோர மண்டல ஆணையம், உயர் நீதிமன்றம் என்று படியேறும் வேலை வந்து சேர்ந்தது.

இதை வீண் கெடுபிடி என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2005 அக்டோபரில் இடைக்கால உத்தரவும் 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பும் தந்து, அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டருக்குக் காப்பு வளையம் போட்டது மும்பை உயர் நீதிமன்றம். பொதுநலத் திட்டமானாலும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பூநாரைகள் இறங்கும் தானே கடற்கழி 2022ல் ராம்சர் பட்டியலில் ஏறியதில் இந்தக் கண்டிப்புக்கும் பங்குண்டு.

கழிவுநீருக்கு இன்னொரு வாசல்: 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 25ஆம் பிரிவு. சுத்திகரிப்பு நிலையம் கட்டுமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, கட்டியபின் இயக்க இன்னொரு இசைவு. திட்டமிட்ட நகரான வாஷிக்கு இடப் பஞ்சமில்லை; செக்டர் 18ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது.

கடற்கழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மும்பையில்தான் இழுபறி. மும்பையின் 7 புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் சேர்த்துக் கொள்ளளவு நாளொன்றுக்கு 246.4 கோடி லிட்டர். தாராவிக்கு மட்டும் 41.8 கோடி. வெளியேறும் நீரின் தரத்துக்கு 2017ல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைவிடக் கடுமையாகக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரி 19 அன்றுதான் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

இத்தனை கையெழுத்தும் குழாய் முடியும் இடத்தைப் பற்றியவை. குழாய் தொடங்கும் வீட்டைப் பற்றி யார் கேட்டார்கள்? இருவர் எதிரெதிரே நடக்க முடியாத தாராவிச் சந்தில் பாதாளச் சாக்கடை எங்கே பதிப்பது? பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்கிறது, வாசலோரச் சாக்கடை திறந்தபடி மித்தி ஆற்றை நோக்கி ஓடுகிறது. அது அப்படியே ஓடினாலும் நிலையம் தன் தரவிதியில் தேறிவிடும்.

இசைவு தரும்போது நிபந்தனை விதிக்க 25ஆம் பிரிவே வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. எத்தனை வீடுகளை இணைத்தீர்கள், எந்தெந்தச் சந்து பாக்கி என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்க அது போதும்.