எலும்பின் வயதும் பல் சீரமைப்பின் பருவமும்

தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தினால், உயர்ந்த முனையில் மாணவியர் பலர் நிற்பதைக் காணலாம். ஈராண்டு கழித்து, உயர்நிலை இரண்டில், அவ்வரிசை மாறத் தொடங்கியிருக்கும். அனைவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களே. ஆயினும் அவர்களுடைய உடல்கள் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை. ஆசிரியர் அன்றாடம் காணும் இவ்வேறுபாடு, பல் சீரமைப்பு மருத்துவர்க்கு ஒரு பெருங்கேள்வியாக அமைகிறது.

பற்களை நகர்த்துவது வேறு. தாடையெலும்பின் வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. முன்னதற்கு வயது தடையன்று. நாற்பது வயதிலும் பல் கம்பி அணிந்து பயன்பெறுவோர் உளர். பின்னதற்குக் காலம் உண்டு. கீழ்த்தாடை பின்தங்கி மேல்வரிசை முன்பற்கள் துருத்தி நிற்கும் பிள்ளைக்கு, கீழ்த்தாடையை முன்னிறுத்திக் கடிக்கச் செய்யும், கழற்றி மாட்டத்தக்க கருவியைத் தருவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய இரட்டைக்கட்டைக் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. உடல் விரைந்து வளரும் உச்சத்தை ஒட்டி இதனை அணிந்தால் தாடையிலிருந்து கிடைக்கும் பயன் மிகுதி. அவ்வுச்சம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் வருகிறது. எனினும் நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளிடையேயும் அது ஓரிரு ஆண்டு முந்தலாம், பிந்தலாம். வளர்ச்சி முடிந்தபின் வந்தவர்க்கு எஞ்சுவன இரண்டே: பற்களைப் பிடுங்கி இடம் செய்து குறையை மறைப்பது, குறை பெரிதாயின் தாடையில் அறுவை செய்வது.

ஆகவே, பிறந்தநாளை விடுத்து எலும்பைக் கேட்கிறோம். 1895-இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தபின் இது இயல்வதாயிற்று. கையையும் மணிக்கட்டையும் ஒரே படத்தில் எடுத்தால் முப்பதுக்கு மேற்பட்ட எலும்புகளையும் எலும்பு முனைகளையும் ஒருங்கே காணலாம். வளரும் விரலெலும்பின் ஒரு முனையில் சிறு தகடு ஒன்று தனித்து நிற்கும். தண்டுக்கும் அதற்கும் இடையேயுள்ள குருத்தெலும்பு படத்தில் கருங்கோடாகத் தோன்றும். முதலில் தகடு தண்டைவிடக் குறுகியிருக்கும். பின்னர் அகலத்தில் தண்டுக்கு ஒப்பாகும். அதன்பின் அதன் ஓரங்கள் தொப்பிபோல் தண்டின்மேல் கவியும். இறுதியில் கோடு மறைந்து இரண்டும் ஒன்றாகும். நடுவிரலின் நடு எலும்பில் தொப்பி கவியும் காலம் வளர்ச்சியின் உச்சத்தை ஒட்டியது. கட்டைவிரலின் அடியில் சிறு எலும்பு ஒன்று புதிதாகத் தோன்றுவதும் அவ்வுச்சம் அணுகியதற்கோ வந்துவிட்டதற்கோ அறிகுறி. எள்ளின் வடிவை ஒத்ததாகக் கண்ட கிரேக்கர் வைத்த பெயரையே மேனாட்டார் இன்றும் வழங்குகின்றனர். நாம் அதனை எள்ளெலும்பு என்றே அழைக்கலாம். அதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுவதில்லை.

கிரூலிக், பைல் என்னும் இருவர் 1950-இல் வெளியிட்ட கைப்பட நூல் இத்துறையில் நெடுங்காலமாக ஆளப்பட்டு வருகிறது. ஆனால் அதற்கு அடிப்படையான படங்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வசதியுள்ள வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்டவை. இன்றைய ஆசியப் பிள்ளையின் எலும்பு வயதை அந்நூலைக் கொண்டு ஆண்டு, மாதக் கணக்கில் சொல்லுவதில் எச்சரிக்கை தேவை. எலும்பு நிலைகளின் வரிசைமுறையைச் சொல்வது அதைவிட உறுதியானது. தமிழ் மரபில் இவ்விரு கணக்கும் உண்டு. உலாவின் ஏழு பருவப் பெண்டிர்க்குப் பாட்டியல் நூல்கள் ஆண்டெல்லை வகுத்தன. பிள்ளைத்தமிழின் சப்பாணி, வருகை முதலிய பருவங்களோ குழந்தை கைகொட்டுகிறதா, நடந்து வருகிறதா என அதன் செயலால் பெயர் பெற்றவை. எலும்பு முதிர்ச்சியை நோக்குவோர்க்குப் பின்னதே நல்வழி என்பது நம் கருத்து.

கைப்படம் இன்றியும் அறியும் முறை ஒன்று 1972-இல் லாம்பார்ஸ்கி என்பவரின் ஆய்வில் தொடங்கியது. பல் சீரமைப்புக்கென எப்படியும் எடுக்கப்படும் தலையின் பக்கவாட்டுப் படத்தில் கழுத்து முள்ளெலும்புகளும் விழுகின்றன. இளம்பிள்ளைக்கு அவற்றின் அடிவிளிம்பு தட்டையாக இருக்கும். முதிர முதிர இரண்டாம், மூன்றாம், நான்காம் எலும்புகளின் அடி முறையே குழிந்துவரும். ஆப்புப் போன்றிருந்த உடற்பகுதி சதுரமாகிப் பின் உயர்ந்து நிற்கும். பச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா ஆகியோர் 2005-இல் இதனை ஆறு நிலைகளாக வகுத்துரைத்தனர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குழிவு கண்டு, நான்காவதில் காணாதபோது, உச்சம் ஏறத்தாழ ஓராண்டுக்குள் வரும் என்பது அவர்கள் கணிப்பு. கூடுதல் கதிர்வீச்சு இல்லை என்பது இதன் சிறப்பு. ஒரே படத்தை இருவர் பார்த்தால் இரு நிலை சொல்வதுண்டு என்பது குறை. தைராய்டு சுரப்பியைக் காக்கக் கட்டும் ஈயக் கழுத்துப்பட்டையே சிலவேளை அவ்வெலும்புகளை மறைத்துவிடுவதும் உண்டு.

படத்துக்கு முன்னரே வினவி அறிய வேண்டியன சில. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்த உயரம், வேகம் ஏறுகிறதா தணிகிறதா என்பதைக் காட்டும். பூப்பெய்திய பெண்பிள்ளைக்கு உச்சம் பெரும்பாலும் கடந்துவிட்டது; பூப்பு, உச்சத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு பின்னரே நிகழ்கிறது. நிலைப்பற்கள் எல்லாம் முளைக்கட்டும் என்று பெற்றோர் காத்திருப்பது இவ்விடத்தில்தான் தீங்காகிறது. பல் முளைத்தலும் எலும்பு முதிர்தலும் சேர்ந்தே நடப்பவையல்ல.

மிக முந்துவதாலும் ஆதாயம் பெரிதில்லை. துருத்திய பற்களுக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே சிகிச்சை தொடங்கி, பின் மீண்டும் செய்வதை, பதின்ம வயதில் ஒரே முறை செய்வதோடு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்பிட்டு ஆய்ந்தனர். முன்பற்கள் அடிபடுவது குறைந்ததன்றி இறுதி விளைவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஓடியாடி விழும் பிள்ளைக்கு அதுவும் ஒரு காரணமே.

கீழ்த்தாடை முன்தள்ளி வளரும் பிள்ளையிடம் இக்கணக்கு மாறுகிறது. மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கருவிக்கு உச்சம்வரை காத்திருத்தலாகாது. பத்து வயதுக்கு முன்னரே தொடங்குவது நன்று. அதனாலும் தீராது அறுவை வேண்டியதாயின், வளர்ச்சி ஓயும்வரை பொறுத்தாக வேண்டும். அங்கே மணிக்கட்டு எலும்பு ஒட்டியதைக் கண்டதும் முடிவு செய்துவிடுவதில்லை. ஏனெனில் கீழ்த்தாடை அதன்பின்னும் சிறிது வளரலாம். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரு பக்கவாட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கோடுகள் ஒத்திருக்கக் கண்டபின்னரே அறுவைக்கு நாள் குறிக்கின்றனர்.