லிமாவின் பொது அடுப்புகள்

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் ‘கொமெடோர் பொபுலர்’ எனப்படும் மக்கள் சமையற்கூடங்கள் 1970களின் இறுதியில் தோன்றின. மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நகரின் விளிம்பில் மணல்மேடுகளில் குடிசை போட்ட குடும்பங்களின் பெண்கள் தொடங்கியவை இவை. வீட்டுக்கு வீடு உலை வைத்தால் கட்டுப்படியாகாது. கூடிச் சமைத்தால் அரிசியும் பயறும் மொத்த விலையில் கிடைக்கும், எரிபொருளும் மிச்சம்.

ஒரு கூடத்தில் பெரும்பாலும் இருபது, முப்பது பெண்கள் உறுப்பினர்கள். சிலர் சிலராக முறை வைத்துச் சமைக்கிறார்கள். காலையிலேயே சந்தைக்குப் போய், பேரம் பேசிச் சுமந்து வந்து, நறுக்கி, மதியத்துக்குள் அண்டாவை இறக்கியாக வேண்டும். அக்கம்பக்கத்தார் சிறு தொகை கொடுத்துப் பாத்திரத்தில் வாங்கிப் போகிறார்கள். முதியவர்களிடமும் நோயாளிகளிடமும் காசு வாங்குவதில்லை. முறைக்காரப் பெண்களுக்குக் கூலி, அன்றைய சாப்பாடுதான்.

1990 ஆகஸ்டில் விலைக் கட்டுப்பாடுகள் ஒரே நாளில் நீக்கப்பட்டு, பெட்ரோல் விலை ஏறத்தாழ முப்பது மடங்கு ஏறியபோது, ஏழைக் குடியிருப்புகளைத் தாங்கிப் பிடித்தவற்றில் இந்த அடுப்புகளுக்கே முதலிடம். மறு ஆண்டே 25307ஆம் எண் சட்டம் இவற்றை ஏற்று, உணவுப்பொருள் உதவிக்கு வழி செய்தது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மூட்டைக்குக் கணக்கு உண்டு. அதைச் சோறாக்கும் கைகளுக்கு இல்லை. விலைவாசி எப்படிப் போனாலும் பெண்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்பது எழுதப்படாத கொள்கையாகிவிட்டது. நெருக்கடிக்கென மூட்டப்பட்ட அடுப்பு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எரிவதைச் சாதனை என்பதா? பட்டினி தீரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டோடு கிடந்த பெண்களைத் தலைவிகளாக்கியவை இக்கூடங்கள் என்பாரும் உண்டு, அதுவும் பொய்யல்ல. ஆனால், தலைமை ஏற்றவர்களும் சம்பளமில்லாமல்தான் பாத்திரம் கழுவினார்கள்.

அன்று இளம் தாய்மார்களாகச் சேர்ந்தவர்கள் 2020-இல் பாட்டிகள். பெருந்தொற்று முடக்கத்தில் பல கூடங்கள் மூடிக் கிடந்தன. தினக்கூலி நின்றுபோன மேட்டுக் குடியிருப்புகளில் ‘ஒய்யா கொமூன்’ என்ற பொதுப்பானைகள் ஏறின. குழாய் எட்டாத இடங்களில் லாரித் தண்ணீர், விறகு அடுப்பு, சந்தையில் விற்காமல் மிஞ்சிய காய்கறி. லிமாவில் மட்டும் இவை ஆயிரத்தைத் தாண்டின. சமைத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பெண்களே. 2022-இல் பொதுப்பானைகளை ஏற்கும் சட்டமும் வந்தது.