கைடு எங்க வைக்கணும்? அதை ராட்டே சொல்லும்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

போன எபிசோட்ல பிளாங்க் எப்படி வாங்கறதுன்னு பார்த்தோம். பிளாங்க்னா கைப்பிடி, ரீல் எதுவும் மாட்டாத வெறும் கார்பன் குழாய். இன்னைக்கு அடுத்த ஸ்டெப். தூண்டில் நரம்பு ஓடற வளையங்களை, அதாவது கைடுகளை, எங்கெங்க வைக்கணும்?

கேட்டா சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா ஒரே பிளாங்க்ல ரெண்டு பேர் ராட் கட்டினா, ஒண்ணு நல்லா தூரமா வீசும், இன்னொண்ணு திணறும். ஒண்ணு பெரிய மீனைத் தாங்கும், இன்னொண்ணு நடுவுல முறிஞ்சாலும் முறியும். பல சமயம் வித்தியாசம் கைடு இருக்கற இடத்துலதான்.

வில்லும் நாணும்

மீன் இழுக்கும்போது ராட் வில் மாதிரி வளையும். நரம்பு அப்படி வளையாது. ஒரு கைடுல இருந்து அடுத்த கைடுக்கு நேர்கோடாதான் போகும். ஸ்கூல்ல வட்டத்துக்குள்ள நாண் வரைஞ்சோமே, அதேதான். நாண் குட்டிக் குட்டியா இருந்தா வளைவை ஒட்டியே போகும். கைடு குறைஞ்சா நாண் நீளமாகும். நரம்பு கைடுகிட்ட சட்டுனு மடங்கும், பாரம் அந்தச் சில புள்ளிகள்ல போய்க் குவியும்.

அப்போ நிறைய கைடு போட்டுடலாமா? அதுவும் கூடாது. வளையம், அதைக் கட்டற நூல், மேல பூசற எபாக்ஸின்னு ஒவ்வொரு கைடும் எடை கூட்டும். நுனியில எடை ஏறினா ராட் மந்தமாயிடும். வளைஞ்சு நிமிர நேரம் எடுக்கும், வீச்சு குறையும்.

முதல் கணக்கு

பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு: ராட் எத்தனை அடியோ, அதோட ஒண்ணு கூட்டு. 7 அடி ராட்டுக்கு 8 கைடு. நுனியில ஒட்டற டிப் டாப் இந்தக் கணக்குல வராது.

நுனிப் பக்கம் அதிகமா வளையறதால அங்க கைடு நெருக்கமா இருக்கணும். கைப்பிடி பக்கம் வர வர இடைவெளி கூடணும். நம்ம பத்தாம் கிளாஸ் கூட்டுத்தொடர் இங்க உதவும். முதல் இடைவெளி 4 இன்ச், அப்புறம் ஒவ்வொண்ணும் முக்கால் இன்ச் கூடுதல்னு வைங்க. நுனியில இருந்து 4, 8.75, 14.25, 20.5, 27.5, 35.25, 43.75, 53 இன்ச்ல கைடு வரும். ஸ்பின்னிங் ராட்டுக்கு இது நல்ல ஆரம்பம்.

ஸ்பின்னிங் ரீல்ல நரம்பு சுருள் சுருளா வெளிய வரும். அதனால ரீலுக்குப் பக்கத்துல இருக்கற கைடு பெருசா, உயரமா இருக்கணும். அடுத்தடுத்து சின்னதாகணும், ஒரு புனல் மாதிரி.

பெய்ட்காஸ்டிங் ராட்ல ரீலும் கைடும் மேல் பக்கம் இருக்கும். ராட் வளையும்போது நரம்பு கீழ இறங்கி பிளாங்க்ல உரசும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கமா கைடு வேணும்.

டெஸ்ட் பண்ணாம டெப்ளாய் பண்ணாதீங்க

மேல சொன்ன நம்பர் எல்லாம் வெறும் டிராஃப்ட். ஒவ்வொரு பிளாங்க்கும் ஒவ்வொரு மாதிரி வளையும். சிலது நுனியில மட்டும் வளையும், சிலது பாதி வரைக்கும் வளையும். உங்க பிளாங்க் எப்படி வளையுதுன்னு சார்ட்டுக்குத் தெரியாது.

அதனால முதல்ல கைடுகளை மாஸ்கிங் டேப்ல தற்காலிகமா ஒட்டுங்க. கைப்பிடியை மேஜையில அசையாம கட்டுங்க. நரம்பை எல்லாக் கைடு வழியாவும் விட்டு, நுனியில அரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தொங்க விடுங்க. ராட்டோட பவரைப் பார்த்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. முகத்தை மட்டும் ராட்டுக்கு நேரா வைக்காதீங்க.

இப்போ பக்கவாட்டுல நின்னு பாருங்க. ஒவ்வொரு கைடுலயும் நரம்பு மடங்கற கோணம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். எங்கயாவது கூர்மையா மடங்குதா? பக்கத்துக் கைடை கால் இன்ச் நெருக்கி வைங்க. மறுபடி பாருங்க.

அப்புறம் காலி கிரவுண்டுக்குப் போங்க. கொக்கி இல்லாத ஒரு எடையைக் கட்டி பத்துத் தடவை வீசி, தூரத்தைக் குறிச்சுக்கோங்க. ரீலுக்குப் பக்கத்துக் கைடை மட்டும் ஒரு இன்ச் தள்ளி, திரும்ப பத்து. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தினாதான் எது வேலை செய்யுதுன்னு புரியும். நரம்பு பிளாங்க்ல படபடன்னு அடிச்சா, அந்தக் கைடு இன்னும் சரியான இடத்துல இல்ல.

எல்லாம் சரின்னா மார்க் பண்ணுங்க, நூல் சுத்துங்க, எபாக்ஸி பூசுங்க. எபாக்ஸி இறுகிட்டா கைடை நகர்த்த பிளேடு எடுக்கணும். கார்பன்ல விழற ஒரு கீறல் போதும், பின்னாடி ராட் அங்கயே முறிய. டேப் ஒட்டி ஒரு சாயங்காலம் டெஸ்ட் பண்றது அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த எபிசோட்ல நூல் சுத்தறது பத்திப் பேசலாம். வர்றேன் மக்களே!