நட்டஈட்டுப் படிவம் எந்த மேசையில் நிற்கிறது?

காலபோக நெல் வெள்ளத்தில் அழிந்தால் கமக்காரருக்கு நட்டம் இரண்டு. ஒன்று விளைச்சல், மற்றது அடுத்த விதைப்புக்குரிய முதல். நட்டஈடு பிந்தினால் விதைநெல்லுக்கும் கடன்பட வேண்டிவரும். ஆகவே நாம் கொடுக்கும் படிவம் எவ்வழியாகச் செல்கிறது என்பதை அறிந்திருப்பது பயன் தரும்.

இலங்கையில் பயிர்க் காப்புறுதி 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1961 இல் சட்டமாகியது. 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அமைந்தது. 2018 இல் நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய 6 பயிர்களுக்கு வெள்ளம், வரட்சி, காட்டு யானை என்பவற்றால் ஏற்படும் அழிவுக்கு ஏக்கருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா என்ற திட்டம் வந்தது.

பெருவெள்ளம் வந்தால் ஒரே கிழமையில் விண்ணப்பங்கள் மலைபோற் குவியும். வயல் பார்க்கும் உத்தியோகத்தரோ சிலர். கடதாசிக் கோவைகளில் மேலே இருப்பது முதலில் போகும். அடியில் கிடப்பது கிடக்கும். ஒருவர் மேசை நிரம்பி வழிய, மற்றவர் மேசை வெறுமையாயிருக்கும்.

இதைச் சீராக்கவே கணனி மென்பொருள்கள் வந்துள்ளன. முகாம்களில் குடும்ப அட்டை இலக்கப்படி வரிசைகளைப் பிரித்து நிவாரணம் வழங்கியதை நினைத்துப் பாருங்கள். அதே வேலைதான். மென்பொருள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இலக்கம் இடும். விடுபட்ட விபரத்தைக் காட்டும். இடத்தையும் வேலைப்பளுவையும் பார்த்து உத்தியோகத்தர்களுக்குப் பங்கிடும். நாள் கடந்து தேங்கியவற்றை மேலதிகாரிக்குக் காட்டும். இந்தியாவில் 2016 இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்புறுதித் திட்டத்தில், நட்டஈட்டுப் பணத்தை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்ப 2023 மார்ச்சில் 'டிஜிகிளெய்ம்' என்ற முறை சேர்க்கப்பட்டது.

ஆனால் கணனி வயலைப் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்ததையே அது அறியும். வங்கி இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தாலும் பணம் திரும்பிவிடும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இங்குதான் சிக்கல். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருக்கும். காணி இறந்த தகப்பன் பெயரிலேயே இருக்கும். அப்படிப்பட்ட படிவம் எத்தனை விரைவான மென்பொருளிலும் தேங்கியே நிற்கும்.

எனவே நாம் செய்யக்கூடியவை:

1. விதைக்குமுன் பயிரிடும் பரப்பைக் கமக்காரர் அமைப்பிலும் கமநல சேவை நிலையத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

2. காணிப் பத்திரம் இல்லாதோர் அழிவு வரும்வரை காத்திராது, இப்போதே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

3. அழிவு நேர்ந்தவுடன் அறிவியுங்கள். தண்ணீர் வடியுமுன் படம் எடுத்து வையுங்கள்.

4. படிவத்தின் பிரதியையும், கொடுத்த திகதியையும், பதிவிலக்கத்தையும் கவனமாக வைத்திருங்கள்.

"பார்ப்போம்" என்ற பதிலோடு திரும்பவேண்டாம். இலக்கத்தைச் சொல்லி, "எந்த மேசையில் நிற்கிறது, என்ன குறைகிறது?" என்று பணிவாகக் கேளுங்கள். தனியே போகத் தயங்கும் விதவைகளுக்கும் முதியோருக்கும் துணையாகச் செல்வது கமக்காரர் அமைப்பின் கடமையாகும்.