அயலவரின் ஒக்டோபர்

மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய மகளிர் கல்லூரியை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. அவர் 1888இல் ஆற்றிய உரையொன்றைத்தான் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். தங்களுக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைக்காமல் தடுக்கும் வாதமாகவே முஸ்லிம்கள் அதைப் பார்த்தார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூலே எழுதினார். அந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை.

அயலவர் யார் என்பதை வலியவர் தீர்மானிக்கும் கதை பிற நாடுகளிலும் உண்டு. சிரியாவில் 1962இல் ஹசக்கா மாகாணத்தில் எடுத்த குடிசன மதிப்பு, ஏறத்தாழ 1,20,000 குர்துகளின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1948இல் மலையகத் தமிழர் பிரஜாவுரிமை இழந்ததை அறிந்த எங்களுக்கு அதன் வலியை விளக்க வேண்டியதில்லை. அரபியருக்கும் குர்துகளுக்கும் மொழியாவது வேறு. எங்களுக்கும் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் அதுவும் ஒன்றுதான். வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ். இந்துக் கல்லூரியில் படித்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானவர். தமிழில் நூல்கள் எழுதியவர்.

இருந்தும் 1990 ஒக்டோபர் 30 நடந்தது. யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருப் பக்கத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். கையில் கொண்டுபோக 150 ரூபாவும் சில உடுப்புகளுமே அனுமதி. சோதனைச் சாவடிகளில் பெண்களின் தோடுகளையும் கழற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற்படையினரின் கையில் தமிழர் மாண்டதும் உண்மை. அதைக் காட்டி இதைக் கழித்துவிட முடியாது. அயல்வீட்டார் வெளியேற்றப்பட்டபோது எங்களில் பெரும்பாலோர் பயத்தில் வாயடைத்து நின்றோம். பயம் விலகிய பிறகும் அந்த மௌனம் நீடிப்பதுதான் என்னை வருத்துகிறது.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பியவர்களை வரவேற்றவை கூரையும் கதவும் இல்லாத சுவர்கள். சிலர் பழைய இரும்பு வாங்கி விற்றுப் பிழைப்பைத் தொடங்கினார்கள். அன்று ஒரு குடும்பம் இருந்த காணியை இன்று பிள்ளைகளின் குடும்பங்களும் பங்கிட வேண்டியிருக்கிறது; வேறு காணி கேட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள்.

எங்கள் மௌனத்தைக் கலைக்கக் கலை உதவும். மருதனார்மடத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடமும் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களே, மாணவர்களே, சோனகத் தெருவுக்குப் போங்கள். அந்த மக்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்தே அதை மேடையேற்றுங்கள். பாடசாலை அதிபர்களே, வரும் ஒக்டோபர் 30 அன்று காலைக் கூட்டத்தில் இந்த வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.