இரண்டு மானிட்டர், ஒரே போர்ட்: ஹப் தருவதும் தராததும்

ஹப் விற்கிற அட்டைப்பெட்டிகளில் படம் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் மெலிந்த லேப்டாப், இரு பக்கமும் பெரிய மானிட்டர்கள், மூன்றிலும் வெவ்வேறு காட்சி. அதை நம்பி வாங்கி வந்து, 2020 கடைசியில் வெளியான எம்1 மேக்புக் ஏரில் செருகிப் பாருங்கள். இரண்டு மானிட்டரும் எரியும். இரண்டிலும் ஒரே படம். ஒன்றில் எக்செல், மற்றதில் மெயில் என்று கணக்குப் போட்டவருக்கு இரண்டிலும் எக்செல்தான். கடைக்குத் திரும்பிப் போனால், "கேபிளை மாத்திப் பாருங்க சார்" என்பார்கள். கேபிளை மாற்றி, ஹப்பை மாற்றி, கடைசியில் மானிட்டர் மேலேயே சந்தேகம் வரும். பாவம், அவற்றில் எதுவுமே கெட்டுப்போகவில்லை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஹப் வெறும் அகப்பை. எத்தனை திரைக்குத் தனித்தனிப் படம் தயாரிக்க முடியும் என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் கையில். அவற்றில் எத்தனை, எவ்வளவு தெளிவாக வெளியே வரும் என்பது போர்ட்டின் கையில். எம்1 மேக்புக் ஏர் தன் சொந்தத் திரை போக இன்னும் ஒரே ஒரு திரைக்குத்தான் படம் தயாரிக்கும். அதில் நான்கு எச்டிஎம்ஐ வைத்த ஹப்பைச் செருகினாலும் அந்த ஒன்று இரண்டாகாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் பரவிய பிறகு இந்த ஏமாற்றமும் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது.

குழப்பத்தின் வேர் யூஎஸ்பி-சி போர்ட்டில் இருக்கிறது. 2014-ல் இதற்கான விதிமுறை வெளியானபோது எல்லோருக்கும் பிடித்த விஷயம், எப்படிப் புரட்டிச் செருகினாலும் வேலை செய்யும் என்பது. உள்ளே 24 முனைகள். சார்ஜ், டேட்டா, படம் மூன்றும் ஒரே வழியில் போகலாம். "போகலாம்" என்பதைக் கவனியுங்கள். போயே ஆக வேண்டும் என்று விதி இல்லை. படம் போக வேண்டுமானால் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும். அதை வைப்பதும் விடுவதும் தயாரிப்பாளர் இஷ்டம். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் யூஎஸ்பி-சி டேட்டாவுக்கு மட்டும்தான். சிலவற்றில் இடப்பக்கப் போர்ட்டில் படம் வரும், பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும் வலப்பக்கப் போர்ட்டில் வராது. ஹப்பில் பென் டிரைவ் வேலை செய்கிறது, கீபோர்டு வேலை செய்கிறது, மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். போர்ட் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் நல்லது. ஒன்றுமே அச்சிடாத கம்பெனிகளும் நிறைய இருப்பதால், மாடல் எண்ணை வைத்து விவரப் பட்டியலைப் பார்த்துவிடுவதே பத்திரம்.

அடுத்தது, ஹப் வாங்கியவர்களில் பலர் கவனிக்காமலேயே அனுபவிக்கும் தொல்லை. 4கே மானிட்டர் வாங்கியாயிற்று. படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது. எழுத்தை மேலும் கீழும் உருட்டினால் கண் வலிக்கிறது. லேப்டாப் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது லேப்டாப் தேடுகிறவர்களும் உண்டு. செட்டிங்ஸில் போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். 60 இருக்க வேண்டிய இடம் அது.

இதன் காரணம் எளிய பெருக்கல் கணக்கு. 4கே திரையில் குறுக்கே 3,840 புள்ளிகள், மேலிருந்து கீழே 2,160. பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தால் நொடிக்குச் சுமார் 12 ஜிகாபிட். ஃபுல் எச்டி திரைக்கு இதில் கால் பங்கு, சுமார் 3 ஜிகாபிட் போதும்.

யூஎஸ்பி-சி-யில் அதிவேகமாகப் போக நான்கு லேன்கள், அதாவது தனித்தனித் தடங்கள், இருக்கின்றன. வழக்கமான ஹப் அவற்றைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும். இரண்டு படத்துக்கு, இரண்டு யூஎஸ்பி 3 டேட்டாவுக்கு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் ஒரு லேனின் வேகம் 5.4 ஜிகாபிட். அதில் ஐந்தில் ஒரு பங்கு, சிக்னல் பிசகாமல் போய்ச் சேருவதற்கான குறியீட்டுக்கே செலவாகிவிடும். மிஞ்சுவது 4.32. இரண்டு லேனுக்கு 8.64. இதற்குள் 12-ஐ அடக்க முடியாது. 30 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் 6 தான் வரும், தாராளமாக அடங்கும். ஹப் சத்தமில்லாமல் அதைத்தான் செய்கிறது. மலிவு ஹப்களில் இன்னொரு காரணமும் சேரும்: உள்ளே இருக்கும் எச்டிஎம்ஐ சிப் 1.4 தரத்தைச் சேர்ந்ததாக இருக்கும். 2009-ல் வந்த அந்தத் தரத்தில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான். அட்டையில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஹெர்ட்ஸைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவதும், சில சமயம் போடாமலே விடுவதும் இந்த வியாபாரத்தின் வழக்கம். பொய் என்று சொல்லிவிட முடியாது. நேர்மை என்றும் சொல்லமாட்டேன்.

லேப்டாப்பும் ஹப்பும் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தரத்தில் இருந்தால் ஒரு லேன் 8.1 ஜிகாபிட்டாக உயர்கிறது. குறியீட்டுச் செலவு போக இரண்டு லேனில் கிட்டத்தட்ட 13. ஒரு 4கே திரை 60 ஹெர்ட்ஸில் நூலிழையில் அடங்கிவிடும். இதே தரத்தில் படத்தைச் சுருக்கி அனுப்பும் வசதியும் உண்டு. அதை லேப்டாப், ஹப் இரண்டும் புரிந்துகொண்டால் இரண்டு 4கே திரைகூடச் சாத்தியம். நான்கு லேனையும் படத்துக்கே கொடுத்துவிடும் ஹப்களும் இருக்கின்றன. அவற்றில் டேட்டா பழைய யூஎஸ்பி 2 வேகத்தில் ஊரும். ஹார்ட் டிஸ்க்கில் படம் காப்பி செய்கிறவருக்கு அது தலைவலி, கீபோர்டும் மவுஸும் மட்டும் செருகுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அலுவலக வேலைக்கு இரண்டு ஃபுல் எச்டி மானிட்டர் போதும் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பயமுறுத்தத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து 7 ஜிகாபிட்டைத் தாண்டாது. பழைய போர்ட்டே தாங்கும். ஆனால் ஒரே கம்பியில் வரும் இரண்டு படங்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஹப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திறமைக்குப் பெயர் எம்எஸ்டி. 2010-ல் டிஸ்ப்ளேபோர்ட் 1.2-உடன் வந்தது. விண்டோஸுக்கு இது நன்றாகத் தெரியும், லினக்ஸுக்கும் தெரியும். விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் மூன்று திரையும் தனித்தனியாக விரியும். கடைகளில் இதன் பக்கத்திலேயே தொங்கும் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை இதுவென்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. ஒரே படத்தைப் பல டிவியில் காட்டுவதற்கானது அது. கல்யாண மண்டபத்துக்கு அருமையான சாமான், மேசைக்குப் பயனில்லை.

மேக் இங்கேதான் தனி வழியில் போகிறது. எம்எஸ்டி மூலம் இரண்டு திரையைத் தனித்தனியாக விரிக்க மேக்ஓஎஸ் விடுவதில்லை. இரண்டிலும் ஒரே படத்தையே காட்டும். இன்டெல் சிப் இருந்த மேக் காலத்திலும் இப்படித்தான். அதே மேக்கில் விண்டோஸ் ஏற்றினால் ஒழுங்காக விரிந்தது என்பதால், இது வன்பொருளின் குறை இல்லை, ஆப்பிளின் முடிவு. பிறகு எம்1 வந்து திரைகளின் எண்ணிக்கையையே சுருக்கியது. 2021-ல் வந்த எம்1 ப்ரோ சிப் இரண்டு வெளித்திரைகளையும், எம்1 மேக்ஸ் நான்கையும் தாங்கின. அதாவது, கூடுதல் திரை வேண்டுமானால் கூடுதல் விலை. ஏர் வைத்திருந்தவர்கள் 2024-ல் எம்3 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் மூடியை மூடினால்தான் இரண்டாவது வெளித்திரை. 2025-ல் வந்த எம்4 ஏரில்தான் மூடி திறந்தபடியே இரண்டு. ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய லேப்டாப்புக்கு, பாதி விலை விண்டோஸ் லேப்டாப் எப்போதோ செய்த வேலையைச் செய்ய இத்தனை வருஷம் பிடித்தது.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு விண்டோஸ் லேப்டாப்களிலும் இல்லாமல் இல்லை. இன்டெல்லின் கிராபிக்ஸ் வெகுகாலம் மொத்தம் மூன்று திரை வரைதான் தாங்கியது. 11-ஆம் தலைமுறைச் சிப்பில்தான் நான்கானது. இந்த மூன்றில் லேப்டாப்பின் சொந்தத் திரையும் ஒன்று. மூன்றாவது மானிட்டர் எரிய மறுத்தால் மூடியை மூடிப் பாருங்கள், எரியக்கூடும்.

எம்1, எம்2 ஏர் வைத்திருப்பவர்களுக்கு வழியே இல்லையா? ஒரு சுற்றுவழி இருக்கிறது. பெயர் டிஸ்ப்ளேலிங்க். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான நிறுவனம். 2020-ல் சினாப்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. கிராபிக்ஸ் சிப்பின் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு இது மோதுவதே இல்லை. லேப்டாப்பில் ஏற்றும் ஒரு மென்பொருள், இன்னொரு திரைக்கான படத்தைத் தானே தயாரித்து, சுருக்கி, சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது. டாக் என்கிற பெரிய ஹப்புக்குள் இருக்கும் சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. லேப்டாப்பைப் பொறுத்தவரை ஏதோ ஃபைல் காப்பியாகிற மாதிரிதான். ஆல்ட் மோட் இல்லாத போர்ட்டில், பழைய செவ்வக யூஎஸ்பி-யில்கூட இது வேலை செய்வதற்கு அதுவே காரணம்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுருக்கும் வேலை பிராசஸரின் தலையில் விழுகிறது. எக்செல், மெயில், கோடிங் என்றால் தெரியவே தெரியாது. விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ என்றால் இழுக்கும். மேக்கில் திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அந்த மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தபின் காப்புரிமைப் பூட்டு போட்ட ஓடிடி படங்கள் அந்தத் திரையில் கறுப்பாகத் தெரியும். எல்லாவற்றையும்விட நம் ஐடி ஊழியர்களைத் தடுப்பது வேறொன்று: கம்பெனி லேப்டாப்பில் சொந்தமாக டிரைவர் ஏற்ற அனுமதி இருக்காது. பத்தாயிரத்தைத் தாண்டும் டாக் ஒன்றை ஆர்டர் செய்யும் முன், கம்பெனி ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் தட்டிவிடுவது நல்லது.

பணம் பிரச்சினை இல்லை என்றால் மின்னல் குறி போட்ட தண்டர்போல்ட். 2015-ல் வந்த தண்டர்போல்ட் 3 யூஎஸ்பி-சி வடிவத்துக்கு மாறி 40 ஜிகாபிட் வேகம் கொடுத்தது. 2020-ன் தண்டர்போல்ட் 4 வேகத்தைக் கூட்டவில்லை. இரண்டு 4கே திரையைத் தாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மின்னல் குறிக்குப் பக்கத்தில் 4 என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். டாக்கின் விலையைப் பார்க்கும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு முனையும் யூஎஸ்பி-சி என்பதால் அதில் படம் போகும் என்று அர்த்தமில்லை. போனோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2 டேட்டாவுக்கும் மட்டும். எம்1 மேக்புக் ஏரோடு வந்த சார்ஜ் கேபிளும் அதே ரகம்தான்.

சார்ஜரை ஹப் வழியாகச் செருகினால் ஹப் தன் பங்குக்குச் சில வாட்டுகளை எடுத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் ஓடும் லேப்டாப்புக்கு ஐம்பது சொச்சம்தான் போய்ச் சேரும். சார்ஜரைப் பிடுங்கும்போதும் செருகும்போதும் திரைகள் ஒரு கணம் அணைந்து எரிவது, எவ்வளவு மின்சாரம் என்ற பேரம் மறுபடி நடப்பதால். அந்த நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது காப்பியாகிக்கொண்டிருந்தால் அது பாதியில் அறுந்துபோகும். ஆகவே சார்ஜரை முதலில் செருகிவிட்டு மற்றதை ஆரம்பியுங்கள்.

ஹப் வந்ததிலிருந்து வயர்லெஸ் மவுஸ் திணறுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். மவுஸ் மேல் பழியில்லை. யூஎஸ்பி 3 வேகத்தில் டேட்டா ஓடும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. மவுஸின் குட்டி ரிசீவரும் அதே அலைவரிசைதான். இன்டெல்லே 2012-ல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை ஹப்பிலிருந்து எடுத்து லேப்டாப்பின் மறுபக்கம் செருகினால் பெரும்பாலும் சரியாகும். சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது.

என்னைக் கேட்டால், ஹப் கடைசியில் வாங்க வேண்டிய சாமான். விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஒரு எச்டிஎம்ஐ இருக்கிறது. முதல் மானிட்டரை அதில் நேரே செருகுங்கள். யூஎஸ்பி-சி-யில் படம் வருமென்றால், யூஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் ஒற்றைக் கேபிளில் இரண்டாவது மானிட்டர். லேன் பங்கு போடுவதும் இல்லை, எம்எஸ்டி கவலையும் இல்லை, ஹப் சூடாவதும் இல்லை. ஒரே கம்பியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பும் வசதி தினமும் தேவைப்படுகிறவருக்குத்தான் நல்ல டாக் காசுக்கு ஏற்றது. வாரம் ஒருமுறை லேப்டாப்பை நகர்த்துகிறவர் இரண்டு கேபிள் பிடுங்கினால் குறைந்துபோக மாட்டார். புதிதாக மானிட்டர் வாங்குகிறவர், யூஎஸ்பி-சி உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்கினால் அதுவே சார்ஜரும் ஹப்புமாகிவிடும்.

எல்லாம் இணைந்தபின் செட்டிங்ஸில் இரண்டு வேலை பாக்கி. ஒவ்வொரு திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டையும் பார்த்து 60-க்கு மாற்றுவது ஒன்று. மற்றது, எண் போட்ட பெட்டிகளை இழுத்து, மேசையில் மானிட்டர்கள் இருக்கிற வரிசைக்குக் கொண்டுவருவது. வலப்பக்கம் தள்ளிய மவுஸ் சுவரில் முட்டி நிற்கிறது என்றால் அந்தப் பெட்டிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. மூடியை மூடி வேலை பார்க்கிறவர்கள், விண்டோஸின் பவர் ஆப்ஷனில் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் சார்ஜரும் வெளிக் கீபோர்டும் இருந்தால் அது தானாகவே பார்த்துக்கொள்ளும்.