'அம்மாவிடம் சொல்ல வேண்டாம்': சிகிச்சைச் செலவைப் பற்றி வீட்டில் பேசுவோம்

டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றுவோரின் காதில் அடிக்கடி விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "பில் எவ்வளவு ஆயிற்று என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்பார் மகன். அவர் மருந்து வாங்கச் சென்ற நேரம் பார்த்து, "கால் வீங்கியிருப்பதை அவனிடம் சொல்ல வேண்டாம், அவனுக்கு இன்னொரு செலவு வேண்டாம்" என்பார் தாய். இருவருமே மற்றவரைக் காக்க நினைக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு மௌனங்களுக்கும் நடுவே நோய் முற்றிக்கொண்டிருக்கும்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரம் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படும். ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை. அந்தக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. இரத்தச்சோகைக்கான ஊசி, மாத்திரைகள், பரிசோதனைகள், ஆட்டோ வாடகை, உடன் வருபவர் இழக்கும் ஒருநாள் கூலி என்று அது நீளும். நாம் சொல்லாவிட்டாலும் பெற்றோர் இதைக் கணக்கிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். காசை எண்ணி எண்ணிக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்.

அந்தக் கணக்கின் முடிவு பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கும்: "இந்த வாரம் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு முறை போகாவிட்டால் என்ன?" இரத்த அழுத்த மாத்திரை பாதியாக உடைக்கப்படும். டயாலிசிஸ் தவறினால் உடலில் நீர் தேங்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்போது நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட நேரும். மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைவிடப் பன்மடங்கு செலவு ஒரே இரவில் வந்து நிற்கும், உயிருக்கும் ஆபத்து.

ஆகவே, செலவைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுங்கள். மொத்தத் தொகையைச் சொல்லி அச்சுறுத்த வேண்டியதில்லை. மாதம் எவ்வளவு ஆகிறது, அதில் எவ்வளவு காப்பீட்டில் வருகிறது, மீதியை யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் போதும். பெரும்பாலான பெற்றோருக்குத் தொகையைவிட, பிள்ளைகள் கடனில் மூழ்குகிறார்களோ என்ற ஐயமே பெரும் பாரம். ஓய்வூதியமோ சேமிப்போ இருந்தால் அதிலிருந்து ஒரு பங்கை அவர்கள் தர விரும்பலாம்; தடுக்காதீர்கள். உடன்பிறந்தோர் ஒன்றாக அமர்ந்து பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் வேலையை விட்டு உடன் வருபவர் தருவதும் ஒரு பங்குதான் என்பதை மற்றவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

மருத்துவரிடமும் தயங்காமல் கேளுங்கள். "அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன செலவு ஆகும்? இந்தப் பரிசோதனை இப்போதே தேவையா? இதே மருந்து ஜெனரிக் வகையில் கிடைக்குமா?" இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. உங்கள் வசதி தெரிந்தால்தான் நீங்கள் தொடர்ந்து பின்பற்றக்கூடிய சிகிச்சையை மருத்துவரால் வகுக்க முடியும்.

தமிழ்நாட்டில் வசிப்போர் முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு இத்திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டயாலிசிஸும் இதில் அடங்கும். பெற்றோரின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்றின் வழியே வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளும் தரப்படுகின்றன. டயாலிசிஸுக்காக ரயிலில் செல்லும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. தனியார் காப்பீடு வைத்திருப்போர் ஒவ்வொரு பில்லையும் மருந்துச் சீட்டையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

நகையை அடகு வைப்பதற்கும் நிலத்தை விற்பதற்கும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஒரு முறை செய்து முடிக்கும் அறுவை சிகிச்சையைப் போன்றதன்று டயாலிசிஸ். அது ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய மாதச் செலவு. முதல் ஆறு மாதத்திலேயே கையிருப்பெல்லாம் கரைந்துவிட்டால், ஏழாம் மாதம் வட்டிக்கு வாங்கும் நிலை வரும். அரசு மருத்துவமனைக்கு மாறுவது உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது எனத் தோன்றினால், அதை எங்களிடமே சொல்லுங்கள். சிகிச்சை விவரங்களை முறையாக எழுதித் தருவது எங்கள் கடமை. அம்முடிவு அன்பின் குறைவு ஆகாது. சிகிச்சை இடையில் அறுந்துவிடாமல் காக்கும் வழி அது.

ஒருநாள் உங்கள் தாயோ தந்தையோ "எனக்கு இது போதும், இனி வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: உடல் களைத்துவிட்டது என்பது ஒன்று, உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன் என்பது மற்றொன்று. முதலாவது என்றால் மருத்துவரோடு சேர்ந்து அமர்ந்து பேசலாம். வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் வழிகளும் அவர் விருப்பத்துக்கு மதிப்பளிக்கும் வழிகளும் உள்ளன. இரண்டாவது என்றால் அதற்கு மருத்துவரிடம் மருந்தில்லை. பதில் பிள்ளைகளிடமே இருக்கிறது. எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது, வீட்டில் பணத்தைப் பற்றி முன்பே மனம்விட்டுப் பேசியிருந்தால்தான் உங்களுக்கு விளங்கும்.